ஏரிக்கரையில் 800 பேர்: கழிவுநீர்க் குட்டைகளின் அளவு என்ன, சுத்திகரித்த நீரை எங்கே விடுவது?

தூம்பு (கேள்வி)

வணக்கம். ஏரியை ஒட்டி 180 வீடுகள், சுமார் 800 பேர். பாதி வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதிலிருந்து வழியும் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மற்ற வீடுகளின் குளியல், சமையல் தண்ணீர் திறந்த வாய்க்காலில் ஓடி நேரே ஏரியில் விழுகிறது. மீன் பிடிப்பதும் குடிநீர் எடுப்பதும் அதே ஏரியில்தான். எல்லாவற்றையும் குழாயில் சேர்த்துக் குட்டை முறையில் சுத்திகரிக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும், இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அதனால்தான் இந்த முறை.

ஒரு ஹெக்டேர் நிலம் கிடைத்திருக்கிறது. ஏரியின் அதிகபட்ச நீர்மட்டக் கோட்டிலிருந்து 250 மீட்டர் தள்ளி. மேல்மண் மணல் கலந்தது. மழைக்காலத்தில் 1.2 மீட்டர் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பம் 20 டிகிரி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் கழிவுநீர் என்று வைத்திருக்கிறேன்.

எத்தனை குட்டைகள், எவ்வளவு பெரிதாக வேண்டும்? முதலில் ஆழமான காற்றில்லாக் குட்டை அவசியமா? ஏரேட்டர் (நீரைக் கலக்கிக் காற்றைக் கரைக்கும் கருவி) போட்டால் இடம் மிச்சமாகும் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது, அது சரிவருமா? கடைசியில் வரும் நீரை ஏரியில் விடலாமா?

நீர்க்கணக்கு

கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

800 பேர் × 80 லிட்டர் = நாளுக்கு 64 கன மீட்டர். ஒருவருக்கு 45 கிராம் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) என்று எடுத்தால் நாளுக்கு 36 கிலோ. அதாவது லிட்டருக்கு சுமார் 560 மில்லிகிராம். தண்ணீர் குறைவாகப் புழங்கும் ஊர்களில் கழிவுநீர் இப்படித்தான் கெட்டியாக வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

முதல் குட்டை ஃபேகல்டேட்டிவ் வகை. மேலே பாசி ஆக்சிஜன் கொடுக்கும், அடியில் கசடு ஆக்சிஜன் இல்லாமல் செரிக்கும். இதன் அளவை முடிவுசெய்வது பரப்பு. ஆழத்தைக் கூட்டிப் பரப்பைக் குறைக்க முடியாது, ஏனென்றால் வெயில் விழுவது பரப்பில்தான். குட்டை முறைப் பொறியாளர் டங்கன் மாரா 1987-இல் தந்த சூத்திரப்படி ஒரு ஹெக்டேர் ஒரு நாளில் தாங்கும் பிஓடி = 350 × (1.107 − 0.002வெ)^(வெ − 25) கிலோ. இங்கே 'வெ' என்பது மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக் காற்று வெப்பம். அந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பத்தைப் போட்டுவிடக் கூடாது. 20 டிகிரிக்கு 253 கிலோ வரும். 36-ஐ 253-ஆல் வகுத்தால் 0.142 ஹெக்டேர், அதாவது 1,420 சதுர மீட்டர். ஆழம் 1.5 மீட்டர். நீர் 33 நாள் தங்கும். இதே கணக்கில் 15 டிகிரியைப் போட்டால் 167 கிலோதான், பரப்பு ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதை இன்னொருமுறை சரிபாருங்கள். இந்த வடிவமைப்பு முழுவதும் அந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு கிருமிகளைக் குறைக்க 1 மீட்டர் ஆழத்தில் முதிர்வுக் குட்டைகள். ஒவ்வொன்றிலும் 5 நாள் தங்கட்டும்: 320 கன மீட்டர், 320 சதுர மீட்டர். இப்படி மூன்று போதும்.

காற்றில்லாக் குட்டை உங்களுக்கு வேண்டாம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு நாளுக்கு 300 கிராம் பிஓடி ஏற்றலாம் என்பதால் 120 கன மீட்டர் போதும், பரப்பும் மிச்சமாகும். உண்மைதான். ஆனால் கசடு ஒருவருக்கு ஆண்டுக்கு 0.04 கன மீட்டர் வீதம் 32 கன மீட்டர் சேரும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அள்ள வேண்டும் என்றால் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை. அள்ளும்போது நிறுத்தி வைக்க இரண்டாவது குட்டை வேண்டும். அதோடு 3 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். உங்கள் நிலத்தில் 1.2 மீட்டரிலேயே தண்ணீர். சின்ன ஊருக்கு ஒரே ஃபேகல்டேட்டிவ் குட்டைதான் நிம்மதி. அதில் கசடு அள்ளுவது பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான்.

ஏரேட்டர்: 36 கிலோ பிஓடிக்கு ஏறத்தாழ 54 கிலோ ஆக்சிஜன் தேவை. மேற்பரப்பு ஏரேட்டர் ஒன்று ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ அளவுக்குக் கரைக்கும். ஆக, நாளுக்கு 50 யூனிட்டுக்கு மேல். மின்சாரம் இரண்டு நாள் நின்றால் குட்டை கறுத்து நாறும். இவ்வளவு செலவழித்தாலும் கிருமியும் பாஸ்பரஸும் அப்படியே இருக்கும். இடமே இல்லாதவர்களுக்கு அது சரி, உங்களுக்கு இடம் இருக்கிறது.

களிமண்

நீர்க்கணக்கு சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். முதல் முதிர்வுக் குட்டைக்கு 5 நாள் போதாது. ஃபேகல்டேட்டிவ் குட்டை பிஓடியில் 70 சதவீதத்தை எடுத்தாலும் மீதி 10.8 கிலோ அடுத்த குட்டைக்குப் போகும். அதை 320 சதுர மீட்டரில் விட்டால் ஹெக்டேருக்கு 338 கிலோ ஆகிறது. முதல் குட்டைக்கே 253-க்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு இரண்டாவதில் அதைவிட அதிகமாக ஏற்றுகிறோம்! முதிர்வுக் குட்டையில் சுமை, முந்தைய குட்டையின் சுமையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஆக 190 கிலோ. அதன்படி 570 சதுர மீட்டர், 9 நாள். அடுத்த இரண்டும் 5 நாளாகவே இருக்கட்டும்.

கிருமிக் கணக்கு: 20 டிகிரியில் நாளுக்கு 2.6 என்ற வீதத்தை எடுத்து, ஒவ்வொரு குட்டைக்கும் (1 + 2.6 × நாள்) என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். 100 மில்லி லிட்டரில் 5 கோடி மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) உள்ளே வந்தால், இரண்டு முதிர்வுக் குட்டையோடு சுமார் 1,700 வெளியே வரும். மூன்றாவதும் இருந்தால் 120 அளவுக்கு இறங்கும். பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்ச உலக சுகாதார நிறுவனம் 1989-இல் சொன்ன வரம்பு 1,000. ஆகவே மூன்றாவதைச் செலவென்று வெட்டிவிடாதீர்கள். அந்த 2.6 கூட 15 டிகிரியில் 1.1 ஆகச் சுருங்கிவிடும்.

இனி மண். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை இதில்தான்.

மணல் நிலம், கீழே மேலேறி நிற்கும் தண்ணீர், 250 மீட்டரில் ஏரி. குட்டை கசிந்தால் அந்த நீர் மதகு வழியாகப் போகாது, மண்ணுக்கடியில் ஏரிக்குப் போய்ச் சேரும். வெளிவாயில் மாதிரி எடுத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே உட்பூச்சு இல்லாமல் இந்த இடத்தில் ஒரு குட்டையும் கட்டக் கூடாது.

குட்டையின் அடிமட்டம் மழைக்கால நிலத்தடி நீருக்குக் குறைந்தது அரை மீட்டர் மேலே இருக்கட்டும். 0.6 மீட்டர் தோண்டி, மீதியைக் கரை எழுப்பிப் பெறுங்கள். 1.5 மீட்டர் நீர், 0.5 மீட்டர் வெறுங்கரை (நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் கரை) என்று மொத்தம் 2 மீட்டர். ஆக, தரைக்கு மேல் 1.4 மீட்டர் கரை. உட்சரிவு 1-க்கு 3, வெளிச்சரிவு 1-க்கு 2. கரை உச்சியில் வண்டி போக 3 மீட்டர் அகலம் விடுங்கள். கசடு அள்ளும் நாளில் அந்த அகலம் இல்லாமல் திண்டாடுவார்கள்.

நல்ல களிமண் அருகில் கிடைத்தால் 30 செ.மீ. பூச்சு, 15 செ.மீ. வீதம் இரண்டு அடுக்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரத்தைவிடச் சற்றுக் கூடுதல் ஈரத்தில் ஆட்டுக்கால் ரோலரால் இறுக்க வேண்டும். காய்ந்த களிமண்ணை இறுக்கினால் கட்டிகளுக்கு நடுவே சந்து நிற்கும், நீர் அதன் வழியே போய்விடும். கணக்கு இப்படி: நொடிக்கு 10^-9 மீட்டர் ஊடுருவல் கிடைத்தால் 30 செ.மீ. பூச்சின் வழியே நாளுக்கு அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். மொத்தப் பரப்பு 2,630 சதுர மீட்டருக்கு ஒன்றரை கன மீட்டருக்கும் குறைவு. அதுவே 10^-8 ஆனால் நாளுக்கு 13, 14 கன மீட்டர். வரும் கழிவுநீரில் ஐந்தில் ஒரு பங்கு! கண்ணுக்கு இரண்டும் ஒரே களிமண்ணாகத்தான் தெரியும். இறுக்கிய பிறகு ஆய்வகத்தில் ஊடுருவல் சோதனை செய்யாமல் ஒப்பந்தக்காரரை விடாதீர்கள். இறுக்கி முடித்ததும் வெயிலில் காயப் போடாமல் உடனே நீர் நிரப்புங்கள். ஒருமுறை வெடித்த களிமண் சரியாக மூடிக்கொள்ளாது.

களிமண் கிடைக்காவிட்டால் 1 மி.மீ. எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) விரிப்பு. அதன் எதிரி கீழே இருக்கிறது. நிலத்தடி நீர் ஏறினாலோ, விரிப்புக்கு அடியில் விட்ட வேர், செடிகொடி அழுகி வாயு சேர்ந்தாலோ, விரிப்பு திமிங்கல முதுகு மாதிரி நீருக்கு மேலே கிளம்பும். முதலில் மேல்மண்ணை வேரோடு வழித்தெடுங்கள். அடியில் மணல் அடுக்கு, அதில் துளைக் குழாய், கரை உச்சியில் வாயு வெளியேற வழி. ஓரத்தை அரை மீட்டர் பள்ளத்தில் புதைத்து நங்கூரமிட வேண்டும். இன்னொன்று, நனைந்த விரிப்பில் வழுக்கி விழுந்தவர் மேலே ஏறவே முடியாது. ஒவ்வொரு குட்டையிலும் முடிச்சுப் போட்ட கயிறோ டயர் ஏணியோ கட்டாயம் தொங்க வேண்டும். சுற்றிலும் வேலியும் பூட்டிய கதவும் வேண்டும்.

கசிவைச் சோதிக்க வாளி போதும். உள்வரத்தையும் வெளியேற்றத்தையும் அடைத்துவிட்டு, அதே நீர் நிரப்பிய வாளியைக் குட்டைக்குள் கல் மேல் பாதி முங்கும்படி வையுங்கள். 7 நாள் இரண்டின் மட்டத்தையும் அளங்கள். வாளியில் குறைந்தது ஆவி, குட்டையில் அதற்கு மேல் குறைந்தது கசிவு.

தூம்பு

இருவருக்கும் நன்றி. கரையை மேலே எழுப்பினால் கழிவுநீர் தானாக உள்ளே ஓடாது, பம்ப் வேண்டும் என்று புரிகிறது. மின்சாரம் நிற்கும் ஊரில் அதை எப்படிச் சமாளிப்பது? இருக்கிற செப்டிக் டேங்குகளை உடைத்துவிட்டு நேரே குழாயில் சேர்ப்பதா, விட்டுவைப்பதா?

களிமண்

உடைக்காதீர்கள். எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் வைத்து, தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் எடுப்பதுதான் உங்களுக்குப் பொருத்தம். கெட்டியானவை வீட்டிலேயே நின்றுவிடுவதால் தெருவில் 100 மி.மீ. குழாய் போதும், சரிவும் அதிகம் வேண்டாம். மணலில் ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரோடு மல்லுக்கட்டுவது குறையும். பம்ப் அடைபடுவதும் குறையும். பிஓடியிலும் மூன்றில் ஒரு பங்கு டேங்கிலேயே போய்விடும், முதல் குட்டை 950 சதுர மீட்டர் அளவுக்குச் சுருங்கும். ஆனால் டேங்குகளை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அள்ளும் ஏற்பாடு எழுத்தில் இல்லாவிட்டால் அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். நிறைந்த டேங்க் வெறும் குழாய்தான். அப்போது முழுச் சுமையும் குட்டைக்கு வரும். 1,420-ஆகவே கட்டிவிடுங்கள் என்பது என் கருத்து.

பம்ப்: சராசரி ஓட்டம் நொடிக்கு 0.74 லிட்டர், காலை உச்சத்தில் நான்கு மடங்கு வரை போகும். நொடிக்கு 4 லிட்டர் தள்ளும் இரண்டு பம்ப், மாறி மாறி ஓடட்டும். 80 மி.மீ. ஏற்றுக்குழாய். அதில் நொடிக்கு 0.8 மீட்டர் வேகம் கிடைக்கும். அதைவிடப் பெரிய குழாய் போட்டால் வேகம் குறைந்து கசடு படியும். பம்ப் கிணற்றோடு சேர்த்து அரைநாள் ஓட்டமாவது தாங்கும் 32 கன மீட்டர் தொட்டி கட்டுங்கள். வழிந்தோடும் குழாய் ஏரிப் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது. ஏரிக்கரை ஊர்களில் கழிவுநீர் ஏரியில் கலப்பது பெரும்பாலும் இந்த ஒரு கிணற்றில்தான். குட்டை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அது ஈடாகாது.

குழாய் போட்டதும் ஒரு சோதனை. மழைக்காலத்தில், மழை பெய்யாத இரவில், 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே கிணற்றுக்கு வரும் ஓட்டத்தை அளங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் வருவது கழிவுநீர் அல்ல, மூட்டுகள் வழியே புகும் நிலத்தடி நீர். 10 லிட்டர் வாளி 30 நொடியில் நிறைந்தால் நாளுக்கு 29 கன மீட்டர். உங்கள் வடிவமைப்பில் ஏறத்தாழ பாதி! அதைச் சரிசெய்யாமல் விட்டால் 33 நாள் தங்கல் 23 ஆகிவிடும்.

அல்லி

ஏரியில் விடலாமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. அதைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள். முதலில் முடிவுசெய்ய வேண்டியது அதுதான், குட்டைகளின் எண்ணிக்கையும் நிலத்தின் அளவும் அதன்படி மாறும்.

விட வேண்டாம் என்பதே என் பதில். காரணம் பாஸ்பரஸ்.

ஒருவர் நாளுக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறார். 1.5 என்று வைத்தால் 800 பேருக்கு நாளுக்கு 1.2 கிலோ, ஆண்டுக்கு 440 கிலோ. குட்டைகள் பிஓடியையும் கிருமியையும் அழகாக எடுக்கும். பாஸ்பரஸ் அப்படி அழிகிற பொருளல்ல. கொஞ்சம் கசடில் படியும், பாசிக்குள் கொஞ்சம் போகும். பாதிக்கு மேல் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஏரி நீரில் ஒரு கிலோ பாஸ்பரஸ் 100 கிலோவுக்கு மேல் உலர்ந்த பாசியை வளர்க்க வல்லது. அந்தப் பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். குட்டையில் நீங்கள் நீக்கிய பிஓடியை ஏரி தானே மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பிற்பகலில் முதிர்வுக் குட்டையின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டும். கிருமி சாக அது நல்லது. ஆனால் 25 டிகிரியில் பிஹெச் 8-இல் அம்மோனியாவில் 5 சதவீதம்தான் நச்சான வடிவில் இருக்கும். பிஹெச் 9-இல் அது 35 சதவீதத்தைத் தாண்டும். அந்த நீர் கரையோரம் தேங்கும் இடத்தில் விழுந்தால் மீன்குஞ்சுகள் சாகும்.

ஆகவே நிலத்துக்குப் பாய்ச்சுவதே சரி. இங்கேயும் ஒரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கிறது. கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் குட்டைகளிலிருந்து 13 கன மீட்டர் போய், 51 கன மீட்டர் மிஞ்சும். பயிருக்கும் நாளுக்கு 5 மி.மீ. என்றால் ஒரு ஹெக்டேர் போதும் என்று தோன்றும். நீர்க் கணக்குக்கு அது போதும். ஆனால் வெளிவரும் பாஸ்பரஸ் ஆண்டுக்கு 300 கிலோ என்று வைத்தால், ஒரு ஹெக்டேர் பயிர் அறுவடையோடு எடுத்துப்போவது 20 முதல் 40 கிலோதான். மீதி மண்ணில் சேரும். மணல் மண்ணுக்கு அதைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. சில ஆண்டுகளில் நிறைந்து, நிலத்தடி நீரோடு ஏரிக்கு நடக்கும். பாஸ்பரஸ் கணக்குப்படி 10 ஹெக்டேருக்காவது சுழற்றிப் பாய்ச்ச வேண்டும். சொந்த நிலம் வேண்டியதில்லை, ஏரியிலிருந்து விலகிய விவசாயிகளோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போதும். அவர்களுக்கு உரம் மிச்சம்.

மழைக்காலத்தில் யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். 90 நாள் தேக்க வேண்டுமென்றால் 5,760 கன மீட்டர். குட்டைகள் மேல் விழும் மழையையும் சேர்த்தால் 8,500 வரை போகும். நிலத்தடி நீர் காரணமாக 2 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்காது என்றால் அதற்கு மட்டும் 4,250 சதுர மீட்டர். கரைகளோடு சேர்த்தால் உங்கள் ஒரு ஹெக்டேர் போதாது. இதை இப்போதே ஊரில் சொல்லிவிடுங்கள். குட்டை கட்டிய பிறகு தேக்கத்துக்கு இடம் தேடுவதுதான் கடைசியில் ஏரிக்குக் குழாய் திறப்பதில் முடிகிறது.

நிலம் கிடைக்கவே இல்லை, மழைக்காலத்தில் கொஞ்சம் ஏரிக்குள் விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், படிகாரம் (அலுமினியம் சல்பேட்) போட்டுப் பாஸ்பரஸைப் படிய வைத்த பிறகு விடுங்கள். ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு வேதியியல் கணக்கில் 9.6 கிலோ படிகாரம், நடைமுறையில் அதன் இருமடங்கு. தேக்கக் குட்டையின் பாஸ்பரஸை அளந்து, ஒரு லிட்டர் ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுச் சோதித்து முடிவுசெய்ய வேண்டும். கரைசலாக்கி, படகின் பின்விசிறி கலக்கும் இடத்தில் ஊற்றிக்கொண்டே வரிசை வரிசையாகப் போக வேண்டும். நேரம் முக்கியம். விடியற்காலையில் போடுங்கள். பிற்பகலில் பிஹெச் 9-க்கு மேல் இருக்கும்போது போட்டால் அலுமினியம் படியாமல் கரைந்தே நிற்கும். ஒரு கிராம் படிகாரம் அரை கிராம் காரத்தன்மையைத் தின்னும். காரத்தன்மை குறைந்த நீரில் பிஹெச் சரிந்து மீனுக்கே ஆபத்தாகும், அதையும் அளந்துகொள்ளுங்கள். சில நாள் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் மெல்ல எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலேயே குறைக்க முடிகிறதா பாருங்கள். பாஸ்பேட் இல்லாத சலவைத் தூளுக்கு ஊரே மாறினால் கணிசமாக இறங்கும். உடலிலிருந்து வரும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் சிறுநீரில்தான் இருக்கிறது. பள்ளி, சந்தை போன்ற பொது இடங்களில் சிறுநீரைத் தனியே பிரித்துச் சேமித்தால் அந்த அளவுக்குக் குட்டையின் பாரம் குறையும்.

நாணலோ அல்லியோ நட்ட ஈரநிலம் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அறுத்து வெளியே கொண்டுபோனால் மட்டுமே அது பாஸ்பரஸை எடுக்கும். அறுக்காவிட்டால் செடி மடிந்து அங்கேயே திருப்பிக் கொடுக்கும்.

மதகடி

கட்டிய பிறகு என்னவாகும் என்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தொடக்கம்: வெறும் குட்டையில் கழிவுநீரைச் சிறிது சிறிதாக விடாதீர்கள். அடியில் தேங்கி நாறும், களை முளைக்கும், களிமண் காயும். முதல் குட்டையை ஏரி நீரால் ஒரு மீட்டராவது நிரப்பிவிட்டுப் பிறகு கழிவுநீரைத் திறங்கள். பாசி அந்த நீரில் வேகமாகப் பிடிக்கும்.

அமைப்பு: பலமான காற்று வெளிவாயிலிருந்து உள்வாயை நோக்கி வீசும்படி குட்டையின் நீளத்தை வையுங்கள். எதிராக வைத்தால் மேல் நீர் காற்றோடு நேரே வெளிவாய்க்கு ஓடிவிடும், 33 நாள் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். நீளம் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. உள்குழாய் நீருக்கடியில் திறக்கட்டும். வெளிவாயில் மிதப்பதைத் தடுக்கும் தடுப்பு: ஃபேகல்டேட்டிவ் குட்டையில் 60 செ.மீ. ஆழம் வரை, முதிர்வுக் குட்டையில் 5 செ.மீ. போதும். அந்த 60 செ.மீ. எதற்கென்றால் பாசி அடர்ந்து நிற்கும் பட்டைக்குக் கீழே இருந்து நீரை எடுக்க. நீர்மட்டக் கோட்டில் கரை முழுக்கக் கல் பதியுங்கள். அலை அரிப்பையும், புல் முளைத்துக் கொசு வளர்வதையும் அது தடுக்கும்.

அளவு: உள்வாயில் 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவ வெட்டுள்ள தகடு). நீர் 5 செ.மீ. உயரத்தில் வழிந்தால் நொடிக்கு 0.77 லிட்டர், 7 செ.மீ. என்றால் 1.8, 10 செ.மீ. என்றால் 4.4. இந்த மூன்றையும் தகட்டுக்குப் பக்கத்திலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள்.

நிறம்தான் தினசரி அறிக்கை. பளிச்சென்ற பச்சை நல்லது. சாம்பலும் கறுப்பும் சுமை அதிகம் என்பதற்கு அடையாளம், அல்லது கசடு ஏறிவிட்டது. இளஞ்சிவப்போ ஊதாவோ வந்தால் சல்பைடு உண்டாகி, அதைத் தின்னும் பாக்டீரியா பெருகியிருக்கிறது; சுமை எல்லையைத் தொட்டுவிட்டது. பச்சை திடீரென மறைந்து நீர் தெளிந்தால் சந்தோஷப்பட வேண்டாம், நீர்ப்பூச்சிகள் பாசியை மேய்ந்திருக்கின்றன. ஆக்சிஜன் குறையும், சில நாளில் தானே திரும்பும். நீலப்பச்சை நிறத்தில் பெயின்ட் ஊற்றியது போலப் படலம் வந்தால் வெளியேற்றத்தை நிறுத்துங்கள். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். உங்கள் ஊர் அந்த ஏரியிலிருந்து குடிக்கிறது. அதைக் கொல்ல மயில்துத்தம் போடவே போடாதீர்கள். செல் உடைந்து நஞ்சு முழுவதும் நீரில் கலக்கும், வேலை செய்யும் பாசியும் சேர்ந்து சாகும்.

முதல் குட்டையில் நீர்க்கடுகு (மிதக்கும் சிறு இலைச்செடி) மூடினால் வெளிச்சம் போய்விடும். காற்று ஒதுக்கும் மூலையில் வலையால் அரித்து, ஏரிக்கு எட்டாத தூரத்தில் உரக்குழியில் போடுங்கள். மிதக்கும் கசட்டுப் படலத்தையும் அப்படியே. குச்சியால் அடித்து மூழ்கடிப்பதால் நாற்றம் தள்ளிப்போகுமே தவிரத் தீராது. கரையில் மரம் முளைத்தால் சிறிதிலேயே பிடுங்குங்கள். எலி, நண்டு வளைகளை வாரம் ஒருமுறை தேடிக் களிமண்ணால் அடையுங்கள்.

கசடு அளக்க நீண்ட கழியின் அடிப்பாகத்தில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, நேராக இறக்கி, அடியைத் தொட்டதும் மெதுவாக மேலே எடுங்கள். துண்டில் கறுப்புப் படிந்த உயரமே கசட்டின் உயரம். ஆண்டுக்கு ஒருமுறை, படகில் போய்ப் பத்து இடங்களில் எடுக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, மிதவைச் சட்டை இல்லாமலும் கூடாது. உள்வாய் அருகே எப்போதும் மேடாகத்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்து முழுக் குட்டையையும் காலி செய்யாதீர்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, வடிகட்டிய மாதிரியில் பிஓடி பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டாமல் பார்த்தால் பாசியின் பிஓடியும் சேர்ந்து குட்டை தோற்றுவிட்டதாகக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 கழிவுநீர் ஆணையே குட்டைகளுக்கு வடிகட்டிய மாதிரியைத்தான் ஏற்கிறது. நீரில் கலந்து நிற்கும் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை விடுகிறது. நீங்கள் வெளியேற்றும் இடத்துக்கு உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூம்பு

மிக்க நன்றி. தேக்கத்துக்குக் கூடுதல் நிலம் கேட்டு ஊர்க்கூட்டத்தில் வைக்கப்போகிறேன். குட்டை வேலை தொடங்கும்வரை இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

அல்லி

உண்டு. நிலத்துக்கும் ஏரிக்கும் நடுவே மூன்று கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, மாதம் ஒருமுறை நீர்மட்டம், நைட்ரேட், கோலிஃபார்ம், பாஸ்பரஸ் அளந்து வாருங்கள். ஏரியில் நான்கு இடங்களில், அதில் ஒன்று குடிநீர் எடுக்கும் இடம், மொத்தப் பாஸ்பரஸ் அளங்கள். 20 செ.மீ. கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலமும் கோடையும் அடங்க ஓர் ஆண்டு வேண்டும். குட்டைக்கு முந்தைய இந்த எண்கள் இல்லாவிட்டால், பின்னால் ஏரி மாறும்போது காரணம் குட்டையா வேறா என்று யாராலும் சொல்ல முடியாது.